போடி ரயில் ஓடாத காலத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு

அன்புள்ள பிள்ளைகளே,

2011 முதல் போடியிலும் தேனியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் பிறந்து, இப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். ஆண்டிபட்டி, உசிலம்பட்டிப் பிள்ளைகளும் கூட உட்கார்ந்து படியுங்கள். இது உங்கள் கதையும்தான்.

2023 ஜூன் 15-ஆம் தேதி போடிநாயக்கனூர் ஸ்டேஷனுக்கு ரயில் வந்தபோது உங்களில் மூத்தவர்களுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். "நம்ம ஊருக்கும் ரயில் வந்துருச்சு" என்று அன்றைக்கு ஊரே சொன்னது. நீங்களும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள், உங்களைப் பொறுத்தவரை அது சரியும்கூட. ஆனால் போடிக்கு ரயில் வந்தது அது மூன்றாவது முறை. முதலில் வந்தது 1928-இல். இரண்டு தடவை அதை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு தடவையும் அதைத் தீர்மானித்தவர்கள் போடிக்கு வெகுதூரத்தில் இருந்தார்கள். பாடப்புத்தகத்தில் இந்தக் கதை வராது. அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளம்.

முதலில், ரயிலே இல்லாத காலத்துக்குப் போவோம். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் பெரிய பாதை 1870-களிலேயே மதுரை வழியாகப் போட்டாயிற்று. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் இருந்தவர்களுக்கு மதுரையும் தூரம், திண்டுக்கல்லும் தூரம். இரண்டுக்கும் நடுவில் அம்மையநாயக்கனூர் என்று ஒரு ஸ்டேஷன் உண்டு. இன்றைக்குக் கொடைரோடு என்கிறோமே, அதுதான். பெரியகுளம், போடி, கம்பம் பக்கத்துச் சரக்கு மாட்டுவண்டியில் ஏறி, நாள்கணக்கில் நடந்து, அங்கே போய்த்தான் ரயிலைப் பார்க்கும்.

அந்தச் சரக்கில் எல்லாமே நம் நிலத்தில் விளைந்ததல்ல. மேலே மலையில் விளைந்ததும் உண்டு. ஏலக்காய் உங்களுக்குத் தெரியும். உங்களில் பலருடைய அம்மாவும் அத்தையும் விடியற்காலையில் ஜீப் ஏறிப் போடிமெட்டு வழியாக ஏலக்காட்டு வேலைக்குப் போகிறவர்கள். தேயிலையின் கதைதான் கொஞ்சம் விசித்திரமானது. மூணாறுக்கும் போடிக்கும் மேல் வரப்பு போல நிற்கிற மலையில் டாப் ஸ்டேஷன் என்று ஒரு இடம் இருக்கிறதே, சுற்றுலாவுக்குப் போயிருப்பீர்கள், பனி மூடிய பள்ளத்தாக்கைப் படம் எடுத்திருப்பீர்கள். அங்கே ஒரு தண்டவாளமும் கிடையாது. பிறகு எங்கிருந்து வந்தது ஸ்டேஷன்?

வெள்ளைக்காரத் தோட்டக் கம்பெனி 1902-இல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக அந்த மலை விளிம்பு வரைக்கும் ஒற்றைத் தண்டவாளம் ஒன்றைப் போட்டது. ஒரு சக்கரம் தண்டவாளத்தின் மேல், சாயாமல் இருக்க இன்னொரு சக்கரம் தரையில். இழுத்தது எஞ்சின் அல்ல, மாடு. 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் உண்மையான குட்டி ரயில்பாதை போட்டு நீராவி எஞ்சின் ஓட்டினார்கள். தேயிலைப் பெட்டிகள் அந்த ரயிலில் மலை விளிம்புக்கு வரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி, அந்தரத்தில், நம் பக்கத்துக் கொட்டகுடிக்கு இறங்கும். வடத்தின் மேல் முனை டாப் ஸ்டேஷன், கீழ் முனை பாட்டம் ஸ்டேஷன். குரங்கணியிலிருந்து மலையேறினால் வழியில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஒரு சிற்றூர் இன்றும் இருக்கிறது. சென்னையில் இருப்பது ஒன்று, நம் போடி தாலுகாவில் இருப்பது ஒன்று. நம்முடையதற்கு ரயில் ஒருநாளும் வந்ததில்லை, கம்பிவடம்தான். அதே வடத்தில் கீழிருந்து அரிசியும் பலசரக்கும் மேலே போயின. மூணாறுத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குச் சோறு போட்டது பெரும்பாலும் இந்தப் பக்கத்து நெல்தான்.

கொட்டகுடியில் இறங்கிய தேயிலை வண்டி கட்டிப் போடிக்கு வரும், போடியிலிருந்து மறுபடி வண்டி கட்டி அம்மையநாயக்கனூர் போகும். குட்டி ரயிலில் தொடங்கி, கம்பிவடம், மாட்டுவண்டி, கடைசியில் பெரிய ரயில், பிறகு கப்பல். இலண்டனில் ஒருவர் தேநீர் குடிக்க இத்தனை கைமாற்று. நடுவில் இருந்த அந்த மாட்டுவண்டித் துண்டைத்தான் கம்பெனிக்காரர்களும் வியாபாரிகளும் ரயில்காரர்களும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

1924 ஜூலையில் பெருமழை. கேரளத்தில் இன்றைக்கும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்பார்கள், கொல்லம் ஆண்டு 1099-இல் வந்ததால். அந்த வெள்ளம் மூணாறு நகரத்தையும் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனது. ரயிலை மறுபடி கட்டவே இல்லை. நான்கு வருடம் கழித்து, 1928-இல், தென்னிந்திய ரயில்வே மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர்கேஜ் பாதையைத் திறந்தது. மலைமேல் ஓடிய ரயிலும் அடிவாரத்துக்கு வந்த ரயிலும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. அந்த நான்கு வருடம் மட்டும் இடையில் இல்லாதிருந்தால் மூணாறிலிருந்து மதுரைக்கு ரயில், வடம், கொஞ்ச தூரம் வண்டி, மறுபடி ரயில் என்று சங்கிலி போல ஒரு வழி அமைந்திருக்கும். எனக்கு இதை நினைத்தால் இப்போதும் ஆற்றாமையாகத்தான் இருக்கிறது.

மதுரை–போடிப் பாதையின் நீளம் 90 கிலோமீட்டர். மதுரையை விட்டதும் நாகமலையை ஒட்டிக்கொண்டு போகும். இன்றைக்குக் காமராசர் பல்கலைக்கழகம் இருக்கிற பக்கம் வடபழஞ்சி. பிறகு செக்கானூரணி, உசிலம்பட்டி. அதுவரை வானம் பார்த்த பூமி. உசிலம்பட்டி தாண்டினால் மலை குறுக்கே நிற்கும். ஆண்டிபட்டிக் கணவாயில் பாறையை வெட்டி வழி செய்திருக்கிறார்கள். கணவாயைத் தாண்டிய உடனே காற்று மாறுவதை ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் அறிவார்கள். ஆண்டிபட்டி, தேனி, கடைசியில் மேற்கு மலையின் காலடியில் போடி. அதற்கு மேல் போக வழியில்லை.

இந்தப் பாதை எந்த ஊரைத் தொட்டது என்பது போலவே எதைத் தொடாமல் விட்டது என்பதும் முக்கியம். அன்றைக்குத் தாலுகா தலைநகரம் பெரியகுளம். பழைய ஊர், பெரிய ஊர். ரயில் அங்கே போகவில்லை. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் எதற்கும் போகவில்லை. தேனிக்குப் போனது. அப்போது தேனி அல்லிநகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடம். இன்றைக்கும் நகராட்சியின் பெயர் தேனி அல்லிநகரம்தான். மதுரை, பெரியகுளம், கம்பம், போடி என்று நாலு பக்கச் சாலையும் கூடுகிற இடத்தில் ரயிலும் வந்து நின்றது; சந்தை பெருத்தது. மாவட்டம் பிரிந்தபோது தலைநகரம் தேனி என்றாயிற்று. பெரியகுளத்துக்காரர்களுக்கு இன்றுவரை அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. பழியை முழுக்க ரயில்மேல் போட முடியாது, ஆனாலும் ரயிலுக்கு அதில் கொஞ்சம் பங்கு உண்டு.

இப்போது கொஞ்சம் கடினமான செய்தி. நீங்கள் சின்னப் பிள்ளைகள் என்று இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

செக்கானூரணி முதல் உசிலம்பட்டி வரைக்கும் அந்த ரயில் ஓடிய நிலம் பிரமலைக் கள்ளர்கள் வாழ்ந்த நிலம். அவர்களைப் பிறப்பிலேயே குற்றவாளிகள் என்று சொல்லிக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் வெள்ளைக்கார அரசு கொண்டுவந்திருந்தது. கைரேகை வைக்கமாட்டோம் என்று எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். அதற்கு எட்டு வருடம் கழித்துத்தான் ரயில் வருகிறது. சட்டத்தில் பதிவு செய்யப்பட்ட ஆண்கள் இரவில் போலீஸ் சாவடியில் போய் ஆஜராக வேண்டும். ஊரை விட்டு வெளியே போக வேண்டும் என்றால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். எங்கே போகிறான், எதற்குப் போகிறான், எப்போது திரும்புவான் என்று அந்தச் சீட்டில் எழுதியிருக்கும். அது இல்லாமல் வெளியூரில் பிடிபட்டால் சிறை.

சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947-இல். ரயில் முதல் தடவை ஓடியது 1928 முதல் 1942 வரை. கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ரயிலின் முதல் ஆயுள் முழுவதும் இந்தச் சட்டத்துக்குள்ளேயே கழிந்துவிட்டது. வீட்டு வாசலில் ரயில் போகிறது. மலைமேல் விளைந்த ஏலக்காய்க்கும் தேயிலைக்கும் தடையில்லை. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பிறந்த ஆளுக்கு டிக்கெட்டோடு இன்னொரு சீட்டும் வேண்டும். போடி ரயிலின் பெருமையைப் பேசுகிற யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் தங்கள் பூட்டன், பாட்டன் காலத்தை விசாரித்தால் ராதாரிச் சீட்டு பற்றிச் சொல்ல இன்னும் யாராவது இருப்பார்கள்.

1942-இல் என்ன ஆயிற்று? உலகப் போர். தண்டவாளமும் இரும்பும் எஞ்சினும் போர்முனைக்குத் தேவைப்பட்டன. வெள்ளைக்கார அரசு இந்தியா முழுவதும் வருமானம் குறைவான கிளைப்பாதைகளாகப் பார்த்துப் பிடுங்கியது. கேரளத்தில் ஷொரணூர்–நிலம்பூர் பாதை, இங்கே மதுரை–போடி பாதை. வருமானம் ஏன் குறைந்தது என்பதற்கும் காரணம் உண்டு. ரயில் வந்த மறு வருடமே உலகமெங்கும் பொருளாதார மந்தம். விளைபொருள் விலை விழுந்தது. போதாததற்கு அது மோட்டார் பஸ்கள் ஊர் ஊராகப் பரவிய காலம். பஸ் வீட்டுக்குப் பக்கத்தில் வந்து ஏற்றிக்கொள்ளும், ரயிலுக்கு ஸ்டேஷன் வரை நடக்க வேண்டும். எப்படியோ, ஓடிக்கொண்டிருந்த ரயில் நின்றது. தண்டவாளத்தைக் கழற்றி எடுத்துப் போனார்கள். கட்டையும் போனது. மண்மேடும் பாலமும் கட்டிடமும் மிஞ்சின. போர் நடந்தது எங்கோ. போடிக்காரர்கள் மறுபடி வண்டியும் பஸ்ஸுமாக ஆனார்கள்.

விடுதலைக்குப் பிறகு, முதல் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், போரில் பிடுங்கிய பாதைகளில் சிலவற்றைத் திரும்பப் போட்டார்கள். நம்முடையது அதில் இருந்தது. எல்லாப் பாதைக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ஓசூர், தருமபுரிப் பக்கம் ஓடிய சின்ன ரயில் அதே காலத்தில் மூடியதுதான். பழைய பாதை திரும்பவே இல்லை. நமக்குத் திரும்பக் கிடைத்த அந்த ரயில்தான் உங்கள் தாத்தா பாட்டிகள் சொல்லுகிற போடி ரயில். 1950-களின் முதல் பாதியில் தொடங்கி 2010 வரை ஓடியது. மூன்று உயிர்களில் நீண்ட ஆயுள் அதற்குத்தான்.

நான் அதில் போனவன். வேகமான ரயில் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கணவாய் ஏற்றத்தில் எஞ்சின் மூச்சு வாங்கும். இறங்கி நடந்தால் முந்திவிடலாம் என்று பெஞ்சில் யாராவது ஒருவர் தவறாமல் சொல்லுவார், யாராவது ஒருவர் தவறாமல் சிரிப்பார். பஸ் அதைவிடச் சீக்கிரம் போய்விடும். ஆனால் பஸ் டிக்கெட்டில் பாதிகூட ஆகாது, கூடையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம், கீழே வைக்கலாம். உசிலம்பட்டியில் பூக்கூடை ஏறும். பால் கேன் ஏறும். மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கோர்ட்டுக்குப் போகிறவர்கள், சித்திரைத் திருவிழாவுக்குப் போகிறவர்கள், பெண் பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் அதில்தான். ஊர் விட்டு ஊர் கட்டிக்கொடுத்த பெண்பிள்ளைகளுக்கு அது தாய்வீட்டு ரயில். சரக்குக்காக வந்த ரயிலை இரண்டாம் தடவைதான் மனிதர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பது என் எண்ணம்.

இடையில் ஒன்று. பாரதிராஜா அல்லிநகரத்துக்காரர் என்பது உங்களுக்குத் தெரியும். 1978-இல் அவர் எடுத்த படத்தின் பெயர் 'கிழக்கே போகும் ரயில்'. எந்த ரயிலை மனதில் வைத்துப் பெயர் வைத்தார்களோ, எனக்குத் தேவையில்லை. அல்லிநகரத்தில் நின்று பார்த்தால் மதுரைக்குப் போகிற ரயில் கிழக்கேதான் போகும். எங்களுக்கு அது போதும்.

மீட்டர்கேஜ் என்றால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு மீட்டர் இடைவெளி. இப்போது நீங்கள் பார்க்கிற அகலப்பாதையில் 1,676 மில்லிமீட்டர். ஒன்றில் ஓடுகிற பெட்டி மற்றதில் ஓடாது. 1990-களில் நாடு முழுவதும் ஒரே அகலத்துக்கு மாற்றுவது என்று ரயில்வே முடிவெடுத்தது. கொள்கை நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மதுரையைச் சுற்றி ஒவ்வொரு பாதையாக மாறிக்கொண்டே வந்தது. 2007-இல் ராமேசுவரம் பாதையும் மாறி முடிந்தது. போடிப் பாதை மட்டும் ஒரு மீட்டரிலேயே நின்றது. அந்தக் கடைசி வருடங்களில் நம் ரயில் மதுரை வரைக்கும் வந்து, அங்கே வேறு எந்தப் பாதையோடும் ஒட்டாமல், தனியாக நின்று, தனியாகத் திரும்பியது.

2010 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அது நிறுத்தப்பட்டது. அகலப்படுத்துவதற்காக என்றார்கள். மூன்று வருடமோ நான்கு வருடமோ ஆகும் என்று ஊரில் நினைத்தோம். நீங்கள் பிறந்தீர்கள், நடந்தீர்கள், பள்ளிக்கூடம் சேர்ந்தீர்கள். தண்டவாளம் எடுத்த மேட்டில் கருவேலம் மண்டியது, ஆடு கட்டினார்கள், சோளத்தட்டை காயப்போட்டார்கள். ஒவ்வொரு பட்ஜெட்டிலும் நிதி வருமா என்று பேப்பரைப் பார்ப்போம். போதிய பணம் ஒதுக்காமலே பல வருடம் போயிற்று. மனு கொடுத்தவர்கள், ஊர்வலம் போனவர்கள், எம்.பி.க்களை விடாமல் கேட்டவர்கள் எல்லாக் கட்சியிலும் இருந்தார்கள், கட்சியே இல்லாதவர்களும் இருந்தார்கள். வேலை துண்டு துண்டாக நடந்தது. மதுரை–உசிலம்பட்டி 37 கிலோமீட்டர் முதலில் முடிந்து, 2020 ஜனவரியில் சோதனை ஓட்டம் பார்த்தார்கள். உசிலம்பட்டி–ஆண்டிபட்டி 21 கிலோமீட்டர் அதே வருடக் கடைசியில். கணவாயில் பாறையை வெடிவைத்து இன்னும் அகலமாக உடைக்க வேண்டியிருந்தது. ஆண்டிபட்டி–தேனி 17 கிலோமீட்டர் 2022 மார்ச்சில். தேனி–போடி 15 கிலோமீட்டர் 2022 டிசம்பரில்.

மதுரை–தேனி 75 கிலோமீட்டர் பாதையை 2022 மே 26-ஆம் தேதி பிரதமர் சென்னையிலிருந்து தொடங்கிவைத்தார். 500 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. தேனி ஸ்டேஷனில் அன்றைக்குத் திருவிழாக் கூட்டம். சும்மா ஏறிப் போய்வருவதற்கென்றே குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அடுத்த வருடம் ஜூன் 15-இல் போடி. மதுரையோடு நின்றுகொண்டிருந்த சென்னை சென்ட்ரல் எக்ஸ்பிரஸையும் வாரத்தில் மூன்று நாள் போடி வரைக்கும் நீட்டினார்கள். இது சாதாரண விஷயம் இல்லை. போடியில் ஏறிப் படுத்தால் மறுநாள் காலையில் சென்னையில் இறங்கலாம். பாதை ஒரு மீட்டராகவே இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அகலப்படுத்தியது சரி என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனால் 90 கிலோமீட்டருக்குப் பன்னிரண்டரை வருடம் என்பதை நான் சரி என்று சொல்லமாட்டேன். போருக்காகப் பிடுங்கிய பாதையைக்கூட ஏறக்குறைய அவ்வளவு காலத்துக்குள் திரும்பப் போட்டுவிட்டார்கள். அப்போது பஞ்சமும் பிரிவினையும் நடுவில் வந்தன. இந்தத் தடவை எந்தப் போரும் இல்லை. 1928-லிருந்து இன்று வரைக்கும் எண்ணினால், இந்தப் பாதையின் வயதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு ரயிலே ஓடாத காலம்.

இன்னொன்றும் கவனியுங்கள். அகலப்பாதையில் பயணிகள் வண்டி தொடங்கியபோது நேரம் எப்படி வைத்தார்கள்? காலையில் மதுரையில் புறப்பட்டு முற்பகலில் போடிக்கு வரும். மாலையில் போடியில் புறப்பட்டு இருட்டின பிறகு மதுரைக்குப் போகும். மதுரையில் இருக்கிற ஒருவர் போடிக்கு வந்து வேலை முடித்து வீட்டுக்குத் திரும்ப அது ரொம்ப வசதி. போடியில் இருக்கிற ஒருவர் காலையில் மதுரை ஆஸ்பத்திரிக்கோ கல்லூரிக்கோ போய்விட்டு ராத்திரி வீடு திரும்ப அது உதவாது. போகும்போது பஸ், வரும்போதும் பஸ். காலையில் போடியிலிருந்து கிளம்பும் வண்டி ஒன்று வேண்டும் என்று அன்றிலிருந்தே கேட்கிறார்கள். கிளைப்பாதை என்றால் எங்கேயும் இதுதான் கதை. நேரத்தை எழுதுகிறவர் தண்டவாளத்தின் பெரிய முனையில் உட்கார்ந்திருப்பார், சின்ன முனையில் இருப்பவர் எப்போது எழுந்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியாது. 1928-இல் சரக்குக்கு வசதியாக வந்தது, 1942-இல் போருக்கு வசதியாகப் போனது, 2023-இல் மதுரைக்கு வசதியாகத் திரும்பியது. போடிக்கு வசதியாக ஒரு தடவையாவது ஓட வேண்டாமா?

திண்டுக்கல்லிலிருந்து பெரியகுளம், தேனி, கம்பம் வழியாக லோயர்கேம்ப் வரைக்கும் ஒரு பாதை வேண்டும் என்ற கோரிக்கையும் பல காலமாக இருக்கிறது. அது வரும், வராது என்று நான் ஜோசியம் சொல்லவில்லை. பெரியகுளத்துக்கும் கம்பத்துக்கும் நியாயம் அதில்தான் இருக்கிறது என்று மட்டும் சொல்லி நகர்கிறேன். தேனி நகருக்குள் ரயில்வே கேட் போட்டால் வண்டிகள் நிற்கிற வரிசையைப் பார்த்து, "இந்த ரயில் எதுக்கு வந்துச்சு" என்று சலித்துக்கொள்கிற பெரியவர்களையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவர்களிடம் சண்டைக்குப் போக வேண்டாம். 1930-களில் பஸ் வந்ததும் ரயிலை மறந்தவர்களும் இதே போல நல்லவர்கள்தான். வருமானம் இல்லை என்ற ஒரு வரிதான் 1942-இல் நம் பாதையைப் பட்டியலில் சேர்த்தது. காலி இருக்கையோடு ஓடுகிற ரயிலைக் காப்பாற்றுவது யாருக்கும் கஷ்டம். மதுரைக்குப் போக வேண்டுமென்றால் நேரம் ஒத்துவருகிற நாளில் ரயிலில் போகச் சொல்லி வீட்டில் கேளுங்கள். ஒத்துவராத நாளில், ஏன் ஒத்துவரவில்லை என்று ஒரு அஞ்சலட்டை எழுதி மதுரைக் கோட்ட மேலாளருக்குப் போடுங்கள். பிள்ளைகள் எழுதினால் படிக்கமாட்டார்கள் என்று நினைக்காதீர்கள்.

இப்போது நான் உங்களிடம் கேட்க வந்த விஷயம். 2028-இல் இந்தப் பாதைக்கு நூறு வயது ஆகிறது. ரயில்வே அன்றைக்கு மேடை போடலாம், கேக் வெட்டலாம், அஞ்சல் உறை வெளியிடலாம், போடாமலும் இருக்கலாம். நமக்குக் கவலை அது இல்லை. 1942-இல் தண்டவாளம் கழற்றியதைச் சின்னப் பிள்ளையாக நின்று பார்த்தவர்களுக்கு இப்போது தொண்ணூறு வயதாவது இருக்கும். ஒன்றிரண்டு பேர் மிஞ்சியிருக்கலாம். ஐம்பதுகளில் ரயில் திரும்பி வந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். கொட்டகுடி வடத்தைப் பற்றித் தன் அப்பா சொன்னதைச் சொல்லக்கூடியவர் குரங்கணியில் இருக்கலாம். கேட்டில் நின்றவர், கணவாயில் பாறை உடைத்தவர், பாயிண்ட்ஸ் இழுத்தவர், ஸ்டேஷனில் மூட்டை தூக்கியவர், டீ விற்றவர், பூக்கூடையோடு மதுரைக்குப் போனவர், 2010 கடைசி ரயிலில் ஏறியவர், இவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். புத்தகத்தில் அதிகாரிகள் பெயரும் ஆண்டுகளும் இருக்கும். இவர்கள் சொல்வது எங்கேயும் எழுதப்படவில்லை.

ஒரு நோட்டுப் போடுங்கள். பெரியவர் ஒருவரைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து, முதல் தடவை ரயில் ஏறியது எப்போது, எங்கே போவதற்கு, டிக்கெட் எவ்வளவு, கூட யார் வந்தார்கள், என்ன கொண்டு போனார்கள் என்று கேளுங்கள். ரயில் இல்லாத வருடங்களில் எப்படிப் போனார்கள் என்றும் கேளுங்கள், அதுவும் வரலாறுதான். ஆண்டு தெரியாது என்று சொன்னால் விடாதீர்கள். எந்தத் தேர்தல் நடந்தது, எந்தப் படம் ஓடியது, வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டால் ஆண்டு தானாக வரும். அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள், திருத்த வேண்டாம். கெட்டதைச் சொன்னாலும் எழுதுங்கள். ராதாரிச் சீட்டையும் எழுதுங்கள். பழைய அட்டை டிக்கெட், ஸ்டேஷனில் நின்று எடுத்த கல்யாணப் போட்டோ ஏதாவது பெட்டியடியில் இருந்தால் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பொருளை அவர்களிடமே விட்டுவிடுங்கள். எழுதியதில் ஒரு படி பள்ளிக்கூட நூலகத்தில் இருக்கட்டும், ஒரு படி போடி கிளை நூலகத்தில் இருக்கட்டும்.

இன்னும் அதிகக் காலம் இல்லை. 2028-க்கு முன்னால் எழுதி முடித்துவிடுங்கள். அந்தப் பெரியவர்களிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே போகத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
மீட்டர்கேஜில் போன உங்கள் ஊர்க்காரன்